கேக்கும் கணக்கரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சமையல் எனக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேக் செய்யாமல் இருக்க முடியவில்லை. ஒரு பேக்கரியில் சாப்பிட்ட சாக்லேட் கேக்கை அப்படியே வீட்டில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். மெத்தென்று, அதே சமயம் ஈரமாக இருக்கும். நல்ல குறிப்பாகத்தான் தேடி எடுத்தேன். உடம்புக்கு ஆகாது என்று சர்க்கரையைப் பாதியாக்கினேன். மைதாவில் பாதியை எடுத்துவிட்டு முழுக் கோதுமை மாவு சேர்த்தேன். முட்டைக்குப் பதில் தயிர். 6 அங்குல டின் சின்னதாகத் தெரிந்ததால் 8 அங்குல டின். எப்போது செய்தாலும் தட்டையாக வருகிறது, மறுநாள் காய்ந்துபோகிறது. பேக்கரிக்காரர்கள் வெளியே சொல்லாத அந்தப் பொருள் என்ன? கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் நல்லதா, ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) நல்லதா? பேக்கிங் கலையா, அறிவியலா? எனக்கு கிரீமும் நிற்பதில்லை, ஒழுகிவிடுகிறது. வீட்டில் "வாங்கிட்டா போச்சு" என்று சிரிக்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

கொஞ்ச நாளாகவே எனக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. உங்கள் கடிதம் அதன் மேல் சரியாக வந்து விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேக் செய்கிற யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் "பேக்கரியில் ஏதோ போடுறாங்க" என்றுதான் முடிகிறது. சரி, என்ன போடுகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேக் ஜெல் என்று ஒன்று போடுகிறார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கிற சமாச்சாரம். அது இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்துவிடலாம், கலவை கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் காற்று இறங்காது. வெந்து ஆறிய கேக்கை அடுக்கு அடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் பிரஷ்ஷால் சர்க்கரைப் பாகு தடவுகிறார்கள். நீங்கள் மயங்கிய அந்த ஈரத்தில் பெரும்பகுதி இந்தப் பாகுதான். சர்க்கரையும் தண்ணீரும். இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

போதுமா? இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான்கு மாற்றங்களோடு ஐந்தாவதாக ஜெல்லையும் பாகையும் சேர்ப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். "நல்ல குறிப்பாகத்தான் தேடி எடுத்தேன்" என்கிறீர்கள். அந்தக் குறிப்பை எப்போது செய்தீர்கள்? ஒருமுறைகூடச் செய்யவில்லை! செய்தது வேறொரு கேக். சர்க்கரை, மாவு, முட்டை, டின் என்று நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள். தட்டையாக வந்ததற்கு இவற்றில் எது காரணம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர் நான்கு பதிவுகளை ஒரே நேரத்தில் திருத்திவிட்டு "கணக்கு இடிக்குது சார்" என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? அதை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வேலை மிச்சம்.

டின்னை எடுத்துக்கொள்வோம். இரண்டு அங்குலம்தானே என்று நினைத்திருப்பீர்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். 8 அங்குல வட்டத்துக்கு 50. அதே உயரம் வேண்டுமென்றால் கலவை கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பங்கு வேண்டும். நீங்கள் ஒரு பங்கை ஊற்றிவிட்டு ரகசியப் பொருளைத் தேடுகிறீர்கள். இதை ஒரு கணக்கருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது சர்க்கரை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள். இனிப்புக்காக மட்டும் கேக்கில் சர்க்கரை போடுவதில்லை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூர்முனைகள்தான் வெண்ணெய்க்குள் காற்றைக் கொண்டுபோகின்றன. அந்தச் சின்னச் சின்னக் குமிழிகள்தான் பின்னால் கேக்காக எழும்புகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாக ஒரு குமிழியைக்கூட உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழியை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அப்புறம், சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு சீக்கிரம் வெந்து இறுகிவிடாமல் தள்ளிப்போடும், அதற்குள் கேக் உயர்ந்துகொள்ளும். பாதியாகக் குறைத்தால் குமிழி குறையும், சீக்கிரம் இறுகும், மறுநாள் காயும். இதோடு முழுக் கோதுமை மாவு வேறு. தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குறிப்பில் இருந்த ஈரம் மைதாவுக்குக் கணக்குப் போட்டது, தவிட்டுக்கு இல்லை. உடம்புதான் கவலை என்றால் முழுச் சர்க்கரை போட்ட கேக்கில் சின்னத் துண்டாகச் சாப்பிடுங்கள்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரகசியம் உண்மையாகவே இருந்த கதை ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி பேக்கர் என்று ஒருவர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் இன்சூரன்ஸ் விற்றவர். 1927-ல் ஒரு கேக்கை உருவாக்கினார். வெண்ணெய் கேக்கின் செழுமையும் ஸ்பாஞ்ச் கேக்கின் லேசும் சேர்ந்த கேக். வீட்டிலேயே செய்து ப்ரவுன் டெர்பி உணவகத்துக்குக் கொடுத்தார். 20 வருடம் வாயைத் திறக்கவில்லை. 1947-ல் ஜெனரல் மில்ஸ் என்ற உணவு நிறுவனத்துக்குச் செய்முறையை விற்ற பிறகு, அடுத்த வருடம் ஊர் முழுக்கத் தெரிந்தது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், அதுதான் விஷயம். இன்று ஷிஃபான் கேக் என்கிறோம். எண்ணெய் எல்லார் அடுப்படியிலும் இருந்தது, ஆனால் அந்த கேக் அவருக்கு மட்டும்தான் வந்தது. அவரும் உங்களைப் போல வீட்டில் மாற்றி மாற்றிப் பார்த்தவர்தான். ஒரே வித்தியாசம், அவருக்கு வந்த கேக் அடுத்த வாரமும் அப்படியே வந்தது. உணவகத்துக்குக் கொடுப்பவருக்கு வேறு வழி இல்லை.

எனக்கு ஒரு கேக் மாஸ்டரைத் தெரியும், இந்த வேலையிலேயே முடி நரைத்தவர். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர் இருந்தது, விளிம்பில் நசுங்கியது. தண்ணீர் நிறைத்தால் 200 கிராம் பிடிக்கும். ஸ்பாஞ்சுக்கு அடித்த கலவையை அதில் வழிய ஊற்றி, கத்தி முதுகால் மேலே வழித்துவிட்டுத் தராசில் வைப்பார். டம்ளர் எடையைக் கழித்து 90-லிருந்து 100 கிராமுக்குள் இருந்தால் டின்னுக்குப் போகும். கூடுதலாக இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், மறுபடி அடிப்பார். தினமும் செய்கிற கேக், ஒவ்வொரு தடவையும் இதே டம்ளர். "பார்த்தாலே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும். இன்னைக்கு என் கண்ணு சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கைப்பக்குவம் கைப்பக்குவம் என்று நாம் பாடுகிற பாட்டு இங்கே செல்லாது. அடுப்பில் கொதிப்பதை ருசி பார்த்து, உப்பு குறைந்தால் போடலாம், புளிப்பு கூடினால் தண்ணீர் விடலாம். ஓவனுக்குள் போன கேக்கை என்ன செய்வீர்கள்? கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆகவே எல்லாத் திருத்தத்தையும் அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தராசு வேண்டும். 240 மில்லி கப் ஒன்றில் மைதாவைக் கரண்டியால் மெதுவாக நிரப்பினால் 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் 150-க்குப் போகும். இரண்டும் "ஒரு கப்"தான்.

மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். எந்த ஓவன் என்பது முக்கியமில்லை. உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், வெளியே 180 டிகிரி என்று திருகினால் உள்ளே 160-ஆகவும் இருக்கலாம், 200-ஆகவும் இருக்கலாம். கலையா அறிவியலா என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். தயிரில் தவறில்லை, முட்டையில்லாமலும் நல்ல கேக் வரும். அதற்கென்றே எழுதிய குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிரிக்கட்டும். நாள் முழுக்க அடுத்தவர் எண்களோடு இருக்கிற மனிதர், வாரத்தில் ஒருநாள் கையில் மாவோடு நிற்பதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. தட்டையான கேக்கையும் அவர்கள் சாப்பிட்டுத்தான் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? நீங்கள் ஏன் பேக்கரிக்குத் திரும்பிப் போகாமல் செய்துகொண்டே இருக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், அதை எனக்கு விளக்க வேண்டாம்.

கடைசியாக, கிரீம். பேக்கரியில் பார்ப்பது பெரும்பாலும் பால் கிரீம் இல்லை. தாவரக் கொழுப்பில் செய்து, நிற்பதற்கென்று சிலவற்றைச் சேர்த்தது. அது மணிக்கணக்கில் நிற்கும். பால் கிரீமில் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் எழும்பாது, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு சரியாக இருந்தால் கிரீமையும் கிண்ணத்தையும் நன்றாகக் குளிரவைத்துவிட்டு அடியுங்கள். கேக் முழுசாக ஆறிய பிறகு தடவுங்கள். நீங்கள் அந்த அளவு பொறுத்திருக்க மாட்டீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த ஞாயிறு அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறபடியே, 6 அங்குல டின்னில், முழுச் சர்க்கரையோடு செய்யுங்கள். எடை, ஓவன் சூடு, வெந்த நேரம், வந்த உயரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்கடுத்த ஞாயிறு சர்க்கரையை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், வேறெதையும் தொடக் கூடாது. பிறகு எனக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தில் "ஒரு கப்" என்று இருந்தால் பதில் வராது.

அன்புடன்.