ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்': சைலன்சர் மாற்றியவர்களுக்கு நான்கு பதில்கள்

கேள்வி: என்னிடம் 2016 மாடல் 350 சிசி புல்லட் இருக்கிறது. கார்பரேட்டர் வண்டி. வேலூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் வேறு சைலன்சர் வாங்கி மாட்டினேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏலகிரியிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் போதும், பின்னால் ஊசிப்பட்டாசுச் சரம் கொளுத்தின மாதிரி வெடிக்கிறது. கடைக்காரர், "ஃப்ரீ ஃப்ளோ பைப்னா அப்படித்தான் சார், அதுதானே கெத்து" என்கிறார். மெக்கானிக்கோ, "மெயின் ஜெட் மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இருவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த பைப், அதாவது பெண்டு பைப், இன்ஜின் ஹெட்டில் சேருகிற இடத்தைப் பாருங்கள். சைலன்சர் மாற்றியபின் வரும் இந்த வெடிச் சத்தத்துக்குப் பெரும்பாலும் அங்கேயோ, பெண்டு பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்பிலோதான் காரணம் இருக்கும்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினாலும் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. அதோடு கார்பரேட்டரில் பைலட் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகச் சொட்டு பெட்ரோல் மட்டும் போகிறது. அந்தக் கலவை சிலிண்டருக்குள் சரியாகப் பற்றாது. எரியாத பெட்ரோல் ஆவி அப்படியே சூடான பைப்புக்குள் போய்விடும். அங்கே வெளிக்காற்றும் கிடைத்தால் பைப்புக்குள்ளேயே தீப்பிடிக்கிறது, அதுதான் நீங்கள் கேட்கும் 'பட் பட்'. கம்பெனி சைலன்சரிலும் இது லேசாக நடக்கும், உள்ளே இருக்கும் அறைகளும் தடுப்புகளும் சத்தத்தை விழுங்கிவிடும். ஃப்ரீ ஃப்ளோ பைப்பில் அவை குறைவு. ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. வழி முழுக்க கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மூடித்தானே இறங்குகிறோம்? அதனால்தான் அங்கே நன்றாகத் தெரிகிறது.

அந்த வெளிக்காற்று எங்கிருந்து வருகிறது? ஹெட்டுக்கும் பெண்டு பைப்புக்கும் நடுவில் வளையம் போல ஒரு கேஸ்கெட் இருக்கிறது. ஒரு முறை இறுக்கினால் நசுங்கி உட்காரும் ரகம் அது. பைப்பைக் கழற்றினால் புதிது போட வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான்தான், ஆனாலும் அவசரத்தில் பழையதையே போட்டு இறுக்கிவிடுகிறார்கள். நீங்களே பார்த்துவிடலாம். காலையில் வண்டி சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் குமிழி வரும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுவும் சாட்சிதான். மடித்த துணியால் சைலன்சர் வாயை ஓரிரு நொடி பாதி அடைத்தாலும் கசியும் இடத்தில் 'உஸ்' என்று கேட்கும்.

கசிவு இருந்தால் புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் லூசாகவே வைத்துவிட்டு, ஹெட் பக்கம் முதலில் இறுக்கி, அப்புறம் நடுக் கிளாம்ப், கடைசியில் சைலன்சர் பிராக்கெட் என்று வர வேண்டும். பின்னாலிருந்து ஆரம்பித்தால் பைப் கோணலாக உட்கார்ந்து, புது கேஸ்கெட்டும் கசியும். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, ஆறியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள்.

கசிவே இல்லை, ஆனாலும் வெடிக்கிறது என்றால் கார்பரேட்டரைப் பார்க்கலாம். அங்கேயும் மெயின் ஜெட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை, அது முக்கால், முழு ஆக்சிலேட்டருக்கானது. புது பைப்பால் டாப் ஸ்பீடில் வண்டி திணறினால் அதை மாற்றுவதில் நியாயம் உண்டு, இந்தச் சத்தத்துக்கு அல்ல. இங்கே திருத்த வேண்டியது பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்ப பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பினால்தான் கூடும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "கார்பரேட்டரே போச்சு" என்று சொல்லும் கடைகளும் உண்டு. சில கார்பரேட்டரில் கம்பெனியே அந்த ஸ்க்ரூவைச் சின்ன மூடியால் அடைத்திருக்கும், அதை எடுக்கத் தெரிந்தவரிடம் போங்கள். அதிலும் அடங்காவிட்டால் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாம்.

இன்ஜினுக்குக் கெடுதலா என்றால், எப்போதாவது மெல்லக் கேட்பதற்குக் கவலை வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் போலத் தொடர்ந்து வந்தால் சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சும் தடுப்பும் சிதையும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இந்த வெடிச் சத்தம் நிற்குமா?
– வாசகர், காட்பாடி

பதில்: நிற்காது. ஆக்டேன் எண் என்பது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் 'நாக்கிங்' வராமல் தாங்கும் திறன். உங்கள் சத்தம் சிலிண்டருக்கு வெளியே, பைப்பில் வருகிறது. ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்பரேட்டர் வண்டியில் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகும். விலை கூடின பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசை கேஸ்கெட்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் வண்டி பிஎஸ்6, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். "உங்க மாடலுக்கே வந்தது" என்று சொல்லி ஒரு கடையில் பைப் கொடுத்தார்கள். மாட்டியதிலிருந்து வெடிக்கிறது, மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது. திருப்பிக் கொடுத்தால் "மாட்டின பொருளை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில் தரவில்லை, ஜிபேயில்தான் பணம் அனுப்பினேன்.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முதலில் விளக்கு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் புகைப் பாதையில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். சில வண்டிகளில் அது பெண்டு பைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் முழு பைப்பையும் மாற்றியிருந்தால், புதியதில் அந்தச் சென்சாரைத் திருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளையே இல்லாமல் சென்சாரை ஒயரோடு ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பும் கடைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று தெரியாமல் தடுமாறும். விளக்கும் எரியும், வெடிக்கவும் செய்யும், மைலேஜும் போகும்.

இதுதான் உங்கள் வழக்கின் பலமும். வெறும் 'வெடிக்கிறது' என்று புகார் செய்தால், "சத்தத்துக்காகத்தானே வாங்கினீர்கள்" என்று கடைக்காரர் தப்பிப்பார். 'என் மாடலுக்கு என்று சொல்லி விற்றார், என் மாடலுக்குத் தேவையான துளை இதில் இல்லை' என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. போட்டோ எடுத்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்குதான். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்தால் சட்டம் மாறிவிடாது.

ஜிபே ரசீது, கடைக்காரரோடு பேசிய வாட்ஸாப் உரையாடல் இரண்டும் சேர்ந்தால் நல்ல ஆதாரம். முதலில் எழுத்தில் ஒரு கடிதம், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காலேஜ் படிக்கும் என் பையன் வண்டிக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு சைலன்சர் கேட்கிறான். போலீஸ் பிடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்கீழ் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவு. அதில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. வண்டி உங்கள் பெயரில் இருந்தால் 182ஏ உங்கள் தலையில்தான் விழும். 'ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்று பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பையன் காட்டியிருக்க மாட்டான். புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று வாதாடுவான். அந்தச் சோதனையில் புகையைத்தான் அளக்கிறார்கள், சத்தத்தை அல்ல.

175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத் தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபல்தான் உச்சவரம்பு, 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 77. தடுப்பு இல்லாத பைப்போடு வேலூர் சிஎம்சி மருத்துவமனை வாசலில் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் உள்ளே படுத்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதையும் அவனிடம் கேளுங்கள்.

பையன் ஏற்கெனவே மாற்றிவிட்டான் என்று தெரிந்தால், கம்பெனி சைலன்சர் எங்கே என்று முதலில் விசாரியுங்கள். பழையதைக் கடைக்காரரே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வது வழக்கம், பல பிஎஸ்6 வண்டிகளில் அதற்குள் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டு அசந்துபோவீர்கள். அது இன்னும் கடையிலேயே இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.