நின்றுபோவதும் விட்டுவிடுவதும்

அன்புள்ள ஆன்ட்டி,

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலுள்ள பீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். அம்மா புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவர், அதனால் எனக்குத் தமிழ் எழுத வரும். பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு, என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவிப் பணத்தில் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 16 கிரெடிட்: கணிதம், புரோகிராமிங், புள்ளியியல், விருப்பப்பாடமாகப் பொருளியல். மார்ச்சில் அம்மாவுக்கு ஆபரேஷன். மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. கணிதத்தில் முதல் டெஸ்ட் நூற்றுக்கு 31 மார்க், இரண்டாவது எழுதவே இல்லை. புரோகிராமிங்கும் அப்படித்தான். பொருளியல் மட்டும் நன்றாகப் போகிறது. கணிதத்தையும் புரோகிராமிங்கையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இல்லை, பேசாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமா? கடை வைத்திருக்கும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாத்தா சாலிஸ்பரி தீவுக் கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவர் என்று அப்பா அடிக்கடி சொல்லிக்காட்டுவார்.

க.

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசாமல் நிறுத்தாதே. அதைச் செய்தவள் நான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் எனக்குப் பிடிபடவில்லை. மார்ச்சோடு அந்த வகுப்புப் பக்கம் போவதை நிறுத்தினேன். நான் போகவில்லை, அவர்களுக்கே தெரியும், தானாகப் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. யாரும் எடுக்கவில்லை. வருடக் கடைசியில் வந்த ரிசல்ட் தாளில் அந்தப் பாடத்துக்கு நேரே ஃபெயில். ஜனவரியில் பழுப்பு உறையில் பாக்கிக் கடிதம். மூன்று வகுப்பு உட்கார்ந்த பாடத்துக்கு முழுக் கட்டணம், அதைக் கட்டும் வரை மற்ற பாடங்களின் ரிசல்ட்டும் கையில் தர மாட்டார்கள். அப்பா துணி ஆலையில் இஸ்திரி போடுகிறவர். கடிதத்தை மடித்துக் காமாட்சி விளக்குக்கு அடியில் வைத்தார். ஆறு மாதம் தவணை கட்டினார். ஒரு நாள்கூடத் திட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, அதன் எண்ணை நோட்டில் எழுதச் சொல்வார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நின்றுபோவது வேறு, விட்டுவிடுவது வேறு. தேதிக்குள் முறைப்படி விட்டால் பாடம் உன் பெயரிலிருந்து போகும், கட்டணமும் குறையலாம். ஆனால் கட்டணத்துக்கு ஒரு தேதி, பாடத்துக்கு ஒரு தேதி என்று தனித்தனியாக இருக்கும். நீ சொல்கிற வெள்ளிக்கிழமை இதில் எது என்று கேட்டுக்கொள். பேசாமல் நின்றுபோனால் டிபி, அதாவது பரீட்சை எழுதும் தகுதி, கிடைக்காது, பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள். பணமும் போகும், ரெக்கார்டிலும் கறை.

சரி, எதை விடுவது? இங்கேதான் உன்னோடு முரண்படுகிறேன். எதில் மார்க் குறைவோ அதை விடத் தோன்றுவது இயல்பு. கணிதம் அப்படிப்பட்ட பாடம் இல்லை. அடுத்த செமஸ்டர் கணிதம் இதன்மேல்தான் ஏறி நிற்கும், மூன்றாம் ஆண்டில் பாதிப் பாடங்களுக்கு அது கதவு. பல துறைகளில் முதல் செமஸ்டர் பாடத்தை வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள். இப்போது விட்டால் அடுத்த பிப்ரவரிதான். என்எஸ்ஃபாஸ் தருவது படிப்புக் காலத்துக்கு மேல் ஒரு வருடம். உன் மூன்று வருடப் படிப்புக்கு நான்கு. அந்த ஒரு வருடத்தைத் தொடாமல் வைத்திருக்கிறாய். அதை ஏப்ரலிலேயே செலவழிக்க வேண்டுமா?

உங்கள் கணிதத் துறையின் மார்க் திட்டம் இங்குள்ள வழக்கமான கணக்குதான் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வகுப்பு மார்க் 40, பரீட்சை 60, மூன்று டெஸ்ட், ஒவ்வொன்றும் 10, அசைன்மென்ட் 10, டிபிக்கு வகுப்பு மார்க்கில் 40 விழுக்காடு, அதாவது 16. (உங்கள் கையேட்டில் எண்கள் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்.) முதல் டெஸ்ட்டில் உனக்கு 3. எழுதாத டெஸ்ட்டுக்குச் சைபர் போட்டால் மிச்சமுள்ள 20க்கு 13 எடுக்க வேண்டும். அதே டெஸ்ட்டைத் திரும்ப எழுத விட்டால் 30க்கு 13 போதும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார். நீ முதலில் கேட்க வேண்டியது விடும் படிவத்தை இல்லை, மறு டெஸ்ட்டை. அம்மா மருத்துவமனையில் இருந்த தேதிகள் போட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு போ. வெறும் வாயால் சொன்னால் பாவம் என்பார்கள், ஒன்றும் நடக்காது. புரோகிராமிங்குக்கும் இதே கதைதான்.

எதையாவது விட்டே ஆக வேண்டுமென்றால் பொருளியலை விடு. தேறுகிற பாடத்தை விடச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. 16 கிரெடிட், 160 மணி. நான்கு பாடத்துக்கு 640. பரீட்சை வரைக்கும் 16 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி, ஒரு முழுநேர வேலை. உனக்கு அதில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, கூடவே வீட்டில் சமையலும் அம்மாவுக்கு மருந்தும். விருப்பப்பாடத்தைப் பின்னால் எடுக்கலாம், அதற்குப் பதிலாக வேறொன்றையும் எடுக்கலாம். கணிதத்துக்கு மாற்று கிடையாது. ஆனால் விடுவதற்கு முன் பண உதவி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. மூன்று பாடமாகக் குறைந்தால் இந்த வருடத் தேர்ச்சிக் கணக்கில் எப்படி விழும், தங்குமிடப் பணம், சாப்பாட்டுப் பணம் எதுவும் அடிபடுமா என்று. பதிலை மின்னஞ்சலில் வாங்கு.

அப்பா விஷயம். சாலிஸ்பரி தீவைச் சொல்லிக்காட்டுகிறார் என்கிறாய். இன்றைக்கு அதைப் பெருமையாகச் சொல்கிறோம். நிறவெறி அரசின் 1959 சட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களின் கதவை நம் ஆட்கள் முகத்தில் அடைத்த பிறகு, 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் பழைய கடற்படைக் கொட்டகைகளில் இந்தியருக்கென்று திறந்த கல்லூரி அது. ஆசைப்பட்டுப் போனவர்களைவிட, வேறு வழியில்லாமல் படகு ஏறியவர்கள்தான் அதிகம். உன் தாத்தாவுக்கு ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றைப் பிறகு எடுக்கும் வசதி எந்த அளவுக்கு இருந்தது என்று அப்பாவையே கேள். சண்டைக்காக இல்லை, அந்தப் பேச்சு அங்கிருந்து தொடங்கினால் நல்லது. கடை அடைத்து, கல்லாவை எண்ணி முடித்த பிறகு சொல். சனிக்கிழமை மத்தியானம் வரிசை நிற்கும்போது சொல்லாதே. மறு டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்த மனுவின் நகல் கையில் இருந்தால் உன் குரலே வேறு மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காலையிலேயே ஃபேக்கல்டி ஆபீஸுக்குப் போ. ஆன்லைனில் ஒரு பொத்தானை அமுக்கி விடுகிற வசதி இருந்தாலும், அமுக்கிய பிறகு வரும் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள். ஒரு வாரம் கழித்து உன் பதிவுப் பட்டியலைத் திறந்து பொருளியல் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்.

அப்புறம், அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்றா என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.