பனிக்கட்டிக்கும் காசு, பளபளப்புக்கும் காசு: சால்மன் கேள்விகள்

ஜப்பானிய முறையில் சோயா மெருகு பூசிய சால்மன் மீனை வீட்டிலேயே சமைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, அதற்கான பொருள்களை வாங்கப் போன இடத்தில் குழம்பிப்போன வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சமையல் குறிப்பு கேட்டவர்களைவிட, கொடுத்த காசுக்குச் சரியான பொருள் வந்திருக்கிறதா என்று கேட்டவர்களே அதிகம்.

கேள்வி: இணையவழி மீன் கடையொன்றில் 'இந்தியன் சால்மன்' என்று போட்டிருந்ததை வாங்கினேன். வீட்டுக்கு வந்தது வெள்ளைச் சதையுள்ள மீன். ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகர், அண்ணா நகர், சென்னை)

பதில்: உங்களுக்கு வந்திருப்பது நம்முடைய காலா மீன். மும்பைப் பக்கம் இதையே ராவஸ் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'இந்தியன் சால்மன்' என்ற பெயர் நெடுநாளாக வழங்கி வருகிறதே தவிர, இது சால்மன் குடும்பத்து மீன் அன்று. மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாக இழைகள் தொங்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பெயரை மட்டும் வைத்து விற்பனையாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சதையின் படத்தைப் போட்டுவிட்டுக் காலாவை அனுப்பியிருந்தால் கதை வேறு. விளம்பரத்தில் காட்டிய தன்மைக்குப் பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. 'மீன் கெட்டுப்போகும் பொருள், திரும்பப் பெற மாட்டோம்' என்று அவர்கள் சொந்தமாக எழுதிவைத்த வரி அந்த விதிக்கு மேலானதாகிவிடாது. படத்தின் திரைப்பதிவையும் வந்த மீனின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுதுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அசல் சால்மன் நம் ஊருக்கு இறக்குமதியாகத்தான் வரும். பெரும்பாலும் நார்வே போன்ற குளிர்நாடுகளின் கடற்பண்ணைகளில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனாக இருக்கும். உறையிலிட்டு விற்கும் இறக்குமதி மீனானால் எந்த நாட்டிலிருந்து வந்தது, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அவருடைய 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் ஆகியவை உறையின் மேல் இருக்க வேண்டும். இவை இல்லாத உறையை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: உறைநிலைச் சால்மன் 500 கிராம் பொதி 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். இரவு முழுவதும் வெளியில் வைத்து, பனி விட்டபின் தண்ணீரை வடித்து நிறுத்துப் பார்த்தால் 410 கிராம்தான் இருந்தது. 90 கிராம் பனிக்கட்டிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் நிறுத்த முறை உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடியது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உறைய வைத்த மீனின் மேல் மெல்லிய பனிப் பூச்சு ஒன்று கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மீனின் சதை காற்றுப்பட்டு வறண்டு வெளிறிப்போகாமல் அது காக்கிறது. அந்தப் பூச்சு இருப்பது குற்றமில்லை. அதன் எடையை மீனின் எடையோடு சேர்த்து எழுதுவதுதான் குற்றம். பனிப் பூச்சை நீக்கிய எடையையே நிகர எடையாகக் குறிப்பிட வேண்டும் என்பது உறைநிலை மீன் துண்டுகளுக்கான கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின் விதி. நம் நாட்டுப் பொதிப்பொருள் விதிகளும், 500 கிராம் என்று அச்சிட்ட பொதியில் 15 கிராம் வரையிலான குறைவைத்தான் பிழையாகப் பொறுத்துக்கொள்கின்றன. 410 கிராம்தான் உண்மையான எடை என்றால், கிலோ 3,300 ரூபாய் என்று நினைத்து வாங்கிய மீனைக் கிலோ 4,000 ரூபாய்க்கும் மேலான விலையில் வாங்கியிருக்கிறீர்கள்.

இருந்தாலும், உறைந்த மீன் முழுவதுமாக இளகும்போது அதன் சதைக்குள்ளிருந்தே கொஞ்சம் நீர் கசிந்து வெளியேறும். அது பனிப் பூச்சு அன்று, மீனின் சொந்த நீர். இரண்டையும் சேர்த்து வடித்துவிட்டு நிறுத்தால், எது பூச்சு, எது மீனின் நீர் என்று விற்பனையாளர் உங்களையே திருப்பிக் கேட்பார். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்: பொதியைப் பிரித்தவுடன், மீன் கல்லாக இருக்கும்போதே, மெல்லிய குளிர்நீர்க் குழாயின் கீழ் காட்டித் தடவிக்கொண்டே இருங்கள். விரலுக்கு வழுவழுவென்று கண்ணாடிபோல் படும் பூச்சு கரைந்து, மீன் சதையின் சொரசொரப்பு தட்டுப்பட்ட கணத்தில் எடுத்து, துணியால் ஈரத்தை ஒற்றி, உடனே தராசில் வையுங்கள். உள்ளே மீன் இன்னும் உறைந்தே இருக்க வேண்டும். இதை ஒரே தொடர்ச்சியாகக் கைபேசியில் படம்பிடித்து, உறையின் மேலுள்ள எடையும் தொகுதி எண்ணும் தெரியும்படி காட்டிவிட்டால் அந்தச் சான்றை மறுப்பது கடினம். உதவி எண்ணில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஏதும் கிடையாது.

மீனை இரவு முழுவதும் வெளியில் வைத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் இளக விட வேண்டும். காற்றை உறிஞ்சி மூடிய உறையாக இருந்தால், இளக வைக்கும் முன்பே அதைக் கத்தரித்துத் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை நச்சுக் கிருமிக்கு மூடிய உறை வசதியாகிவிடும்.

கேள்வி: சால்மனின் ஆரஞ்சு நிறம் சாயம் என்கிறார்களே? 'சுஷி தரம்' என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்கலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: சதைக்குள் யாரும் சாயம் ஏற்றுவதில்லை. கடலில் திரியும் சால்மன் கூனிறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்பதால் அவற்றிலுள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி சதையில் சேர்கிறது; பண்ணையில் அதே நிறமியைத் தீவனத்தில் கலக்கிறார்கள், கலக்காவிட்டால் சதை வெளிறிப்போய்விடும். 'சுஷி தரம்' என்பதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. அது கடைக்காரர் தரும் உறுதிமொழி மட்டுமே. பச்சையாகச் சாப்பிடப் போவதில்லை, கல்லில் போட்டு வாட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

கேள்வி: நம் ஊர்ச் சோயா சாஸ் போத்தலுக்கும் ஜப்பானியச் சோயா சாஸுக்கும் பல மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறது. இதைத் தவிர 'தெரியாக்கி சாஸ்' என்று தனியாக வேறு விற்கிறார்கள். மூன்றில் எதை வாங்குவது?
(வாசகி, மதுரை)

பதில்: போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சோயா அவரை, கோதுமை, உப்பு, தண்ணீர் என்ற நான்கோடு பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டால் அது மாதக்கணக்கில் நொதிக்க வைத்து வடித்த சாறு. நீராற்பகுத்த புரதம், காரமெல் நிறம், இனிப்புப் பாகு, அமிலத்தன்மை சீராக்கி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனால், அவரைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்துச் சில நாள்களில் எடுத்த சாற்றுக்கு நிறமும் மணமும் ஊட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சில்லி சிக்கனுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பூண்டும் மிளகாயும் மறைத்துவிடும். சால்மன் மெருகில் மறைக்க ஒன்றுமில்லை. சாற்றைச் சுண்டக் காய்ச்சுவதால் அதன் குணமும் குறையும் சேர்ந்தே செறிவாகிவிடும்; நிறத்துக்காகவே சேர்த்த காரமெல் கசக்கத் தொடங்கும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் விலை கொடுத்துச் சின்னப் போத்தலாக வாங்குங்கள், திறந்தபின் குளிர்பெட்டியில் வையுங்கள்.

தெரியாக்கி சாஸ் போத்தலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஜப்பானிய மொழியில் 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் வாட்டியது. அங்கே அது ஒரு சமைக்கும் முறை; சோயா சாறும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் சர்க்கரையும் மீனின் மேல் சுண்டும்போது தானாக வரும் மினுமினுப்பு. போத்தலில் வருவதில் பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும் முன்னால் நிற்க, மாவுப்பொருள் கலந்து சாற்றைக் கெட்டியாக்கியிருப்பார்கள். மாவினால் வரும் பளபளப்புக்கு ஏன் தனியாகக் காசு?

150 கிராம் துண்டுகள் இரண்டுக்கு, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிரின் 2, சாக்கே 2, சர்க்கரை 1 என்பது பழகிய அளவு. சாக்கே இல்லையென்றால் அந்த இடத்தில் தண்ணீர் போதும். மீனில் லேசாக உப்புத் தடவி 20 நிமிடம் வைத்தால் மேலே நீர் கோக்கும். அதைத் துடைத்தெடுத்தால் கவுச்சி வாடை பாதி போய்விடும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான சூட்டில் வாட்டி, திருப்பிப் போட்டு, முக்கால் பாகம் வெந்ததும் கல்லில் தேங்கிய எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் சாறு மீனில் ஒட்டாமல் வழிந்துவிடும். பிறகுதான் சாற்றை ஊற்ற வேண்டும். முதலில் சிறு நுரையாகப் பொங்குவது, பிறகு பெரிய குமிழ்களாகச் சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் கல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது சற்று நின்று மூடும். அந்தப் பிசுக்குப் பதத்திலேயே அடுப்பை அணைத்து, சாற்றை அள்ளி அள்ளி மீனின் மேல் விடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் அதிரசப் பாகுபோல முற்ற விடக் கூடாது. முதன்முதலில் செய்தபோது நான் சாற்றையும் மீனையும் சேர்த்தே கல்லில் போட்டுவிட்டு, மீன் வேகும் முன்பே சர்க்கரை கருகி, அந்தக் கல்லை இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தேன். வேகும்போது சதையிடுக்கில் தயிர்போல வெள்ளையாகக் கசிவது புரதம்தான். மீன் கெட்டதன் அடையாளம் அன்று, சூடு சற்று அதிகம் என்பதன் அடையாளம்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க: ஒரு மேசைக்கரண்டிச் சோயா சாஸில் ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்புக் குறைத்த வகையும் விற்கிறது. மீனில் தனியாக உப்புத் தடவுவதையும் விட்டுவிடலாம்.

கேள்வி: மிரினில் மது இருப்பதாகக் கேள்விப்பட்டோம். கடையில் 'மிரின்' என்று எழுதிய போத்தல் சாதாரண சாஸ் வரிசையிலேயே இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தலாமா?
(வாசகர், காயல்பட்டினம்)

பதில்: இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் விற்கின்றன. பசையரிசி, அரிசிப் பூஞ்சணம், சோச்சூ என்ற வடிமது ஆகியவற்றைச் சேர்த்து முதிரவைக்கும் 'ஹொன் மிரின்' ஏறக்குறைய 14 சதவீதம் மதுசாரம் உள்ளது. ஜப்பானிலேயே அதற்கு மது வரி உண்டு. சாஸ் வரிசையில் நிற்பது பெரும்பாலும் 'மிரின் பாணிச் சுவையூட்டி'. அது குளுக்கோஸ் பாகைக் கரைத்துச் செய்தது, மதுசாரம் 1 சதவீதத்துக்கும் கீழே. அதுவும் அறவே இல்லை என்று ஆகாது. காய்ச்சினால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று சொல்வதும் சரியன்று, கொஞ்சம் எஞ்சும். மேலும், இயற்கையாக நொதித்த சோயா சாஸிலேயே நொதிப்பின்போது சிறிதளவு மதுசாரம் உண்டாகிறது. சிலவற்றில் கெடாமலிருக்கத் தனியாகவும் சேர்க்கிறார்கள். ஹலால் சான்று பெற்ற சோயா சாஸைத் தேடி வாங்குங்கள். மிரினை விட்டுவிட்டு, ஒவ்வொரு மேசைக்கரண்டி மிரினுக்கும் பதிலாக ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேருங்கள். பளபளப்பு இம்மி குறையும், அவ்வளவே.

கேள்வி: சால்மன் கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊர்ச் சீலாவில் இதே முறையில் செய்தால் நன்றாக இருக்குமா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். சென்னையில் வஞ்சிரம் என்கிற உங்கள் சீலாவின் நெருங்கிய உறவான 'சவாரா' என்ற மீனை, கியோட்டோவின் இனிப்பான வெள்ளை மிசோவில் (நொதிக்கவைத்த சோயா விழுது) ஊறவைத்து வாட்டுவது ஜப்பானில் பெயர்பெற்ற பண்டம். தெரியாக்கிக்கும் அங்கே காலங்காலமாகப் பேர்போன மீன் 'புரி', சால்மன் அன்று. சீலாவில் சால்மன் அளவுக்குக் கொழுப்பு இல்லாததால் சீக்கிரம் வறண்டுவிடும். வறுவலுக்கு வெட்டுவதுபோல மெல்லிய வில்லையாக வேண்டாம், பெருவிரல் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். சாறு ஊற்றும் முன் மாவை மெல்லத் தூவி வாட்டினால் சாறு வழியாமல் பிடித்துக்கொள்ளும். மிசோவில் ஊறவைப்பதானால், வாட்டும் முன் மிசோவைச் சுத்தமாக வழித்துத் துடைத்துவிடுங்கள்; அதிலுள்ள சர்க்கரை சாற்றைவிட வேகமாகக் கருகும்.