அம்மாவின் அறைக்குள் போகாத பக்தி

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று மாதமாக ஏகமுக ருத்ராட்சம் அணிந்திருக்கிறேன், 20,000 ரூபாய். இரவில், துக்க வீட்டில் கழற்ற வேண்டுமா? பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவின் அறைக்கு, சுத்தம் கெடும் என்று இப்போது போவதில்லை, மனைவி பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் நிம்மதி இல்லை. ருத்ராட்சம் அசல்தானா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ருத்ராட்சக் கொட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுதான் முகம். மரத்தில் சர்வசாதாரணமாகக் காய்ப்பது ஐந்துமுகம். உருண்டையான ஏகமுகம் அபூர்வத்திலும் அபூர்வம். முந்திரிக்கொட்டை போல வளைந்த ஒன்றை உங்கள் தலையில் கட்டியிருந்தால், அது பெரும்பாலும் வேறு மரத்துக் கொட்டை. தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்ப்பதெல்லாம் பரீட்சையே இல்லை. போன பணம் போகட்டும்.

அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி ருத்ராட்சத்துக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. புரட்டிப் படுக்க வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, முதுகைத் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் மனைவி. அவரைப் பெற்ற தாயா அது? அவருக்கு மட்டும் சுத்தம் கெடாதா? அதே கையால் அவர் போடும் சோற்றைத்தானே தினமும் சாப்பிடுகிறீர்கள்?

திருநீறும் ஐந்தெழுத்தும் போல ருத்ராட்சமும் சைவர்களுக்குச் சிவனை நினைக்கத் துணை. நீங்கள் நினைக்கும் அந்தச் சிவன் சுடலைப் பொடி பூசியவன். அவனுக்கு ஆகாத அசுத்தம் பெற்றவளின் படுக்கையில் என்ன இருக்கிறது? பட்டினத்தார் சொத்து, சுகம், வீடு எல்லாவற்றையும் விட்டுப் போனவர். அம்மா இறந்ததும் ஓடி வந்து, வாழை மட்டை அடுக்கி, அழுது பாடி எரியூட்டினார் என்பார்கள். துறவிக்கே அந்தக் கடன் தீரவில்லை. ஒரு கொட்டையைக் கட்டிக்கொண்ட உங்களுக்குத் தீர்ந்துவிட்டதா? பிள்ளை இருக்க மருமகள் மட்டும் தூக்கிச் சுமக்கும் வீட்டில் நிம்மதி எப்படி வரும்?

தூங்கும்போது கழற்றுகிறவர்களும் உண்டு, கழற்றாதவர்களும் உண்டு. துக்க வீட்டுக்கும் அப்படித்தான். உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். அம்மாவின் அறைக்குப் போக மனசு உறுத்தினால் மட்டும் கழற்றிப் பூஜை அலமாரியில் வையுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த வாரமே மனைவியை நாலு நாள் அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். போகும் முன் அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.