எக்ஸோசோமும் பெருங்குடல் புற்றுநோயும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ரிப்போர்ட்டில் ‘எம்எஸ்எஸ்’ (டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதாகாத வகை) என்று இருப்பதால் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் சிகிச்சை) பலன் தராது என்கிறார் டாக்டர். கட்டி வெளிவிடும் எக்ஸோசோம்கள் என்ற நுண்பைகள் நோய் எதிர்ப்புச் செல்களை முடக்குவதுதான் காரணமா?

பதில்: முதல் காரணம் அதுவல்ல. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான ‘எம்எஸ்ஐ-ஹை’ கட்டிகளில் மரபணு மாற்றங்கள் குவிந்து, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அந்நியம் என்று கண்டுகொள்ளும் புரதத் துணுக்குகள் ஏராளமாக உருவாகும். 2020இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு முதல்நிலைச் சிகிச்சையாக அனுமதி கிடைத்தது இந்த வகைக்குத்தான். பரவிய நிலையில் இவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. எம்எஸ்எஸ் கட்டியில் அந்த அடையாளங்கள் குறைவு. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கு பிழைதிருத்தப் புரதங்களுக்கும் சோதனை நடந்ததா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸோசோமின் பங்கு இதற்கு மேல் சேர்வது. 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள, கொழுப்புச் சவ்வு போர்த்திய நுண்பைகள் இவை. பெருங்குடல் புற்றுசெல்கள் விடும் நுண்பைகளின் மேல் ஃபாஸ் லிகண்ட், ட்ரெயில் என்ற புரதங்கள் உண்டு. தூண்டப்பட்ட டி செல்லில் இவை பட்டால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களின் (மரபணுக்களின் செயலைத் தணிக்கும் குட்டி ஆர்என்ஏக்கள்) வேலை இன்னும் நுட்பம். மிஆர்-25-3பி, 130பி-3பி, 425-5பி மூன்றும் மேக்ரோபேஜில் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்) பிடென் புரதத்தைக் குறைத்து அதை எம்2 வகையாக மாற்றுகின்றன. எம்2 கட்டியைத் தாக்காது. புது ரத்தக்குழாய் வளரத் துணைபோகும். மிஆர்-21 சுமந்த எக்ஸோசோம்களோ கல்லீரல் மேக்ரோபேஜ்களை டிஎல்ஆர்7 என்ற உணர்வி வழியே தூண்டி ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க வைத்து, புற்று குடியேறத் தோதான அழற்சியை உண்டாக்குகின்றன. இது எலிகளில் கண்டது.

கேள்வி: ஆய்வகத்தில் ஹெச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுசெல் வளர்த்த மீடியத்திலிருந்து (வளர்ப்புத் திரவம்) எடுத்த எக்ஸோசோம், டி செல் பெருக்கத்தைக் குறைக்கிறது. செல்லே இல்லாத வெறும் மீடியத்திலிருந்து எடுத்ததும் அப்படியே குறைக்கிறதே?

பதில்: சீரத்தைச் சந்தேகியுங்கள். மீடியத்தில் சேர்க்கும் கன்றுச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம்) மாட்டு எக்ஸோசோம் நிறைய இருக்கிறது. அந்தச் சீரத்தை 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) 18 மணி நேரம் சுழற்றி, மேல்நீரை மட்டும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து வாங்குங்கள். அப்போதும் கொஞ்சம் தங்கும் என்பதால் வெறும் மீடியக் கன்ட்ரோலை விட்டுவிடாதீர்கள். சீரமே இல்லாமல் 48 மணி நேரம் வைப்பவர்களும் உண்டு. பட்டினியில் செத்த செல்களின் சிதைவும் நுண்பைகளோடு வரும், அதனால் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

மீடியத்திலிருந்து எக்ஸோசோம் பிரிக்கும் சுழற்சி வரிசை: 300 ஜி 10 நிமிடம், 2,000 ஜி 20, 10,000 ஜி 30, கடைசியாக 1,00,000 ஜி 70, பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி மறுபடி 70. எல்லாம் 4 டிகிரியில். முதல் மூன்றிலும் மேல்நீரை எடுங்கள், கடைசியில் அடியில் படிந்ததை. படிவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுழலும்போது வெளிநோக்கி இருக்கும் டியூபின் பக்கத்தில் முன்பே மார்க்கரால் குறியிடுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அடையாளம் காணும் சோதனை) எக்ஸோசோம் அடையாளங்களான சிடி63, டிஎஸ்ஜி101 தெரிய வேண்டும், செல் சிதைவு கலந்ததைக் காட்டும் கால்நெக்சின் தெரியக் கூடாது. துகள் எண்ணும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், அது புரதத் திரளையும் எண்ணிவிடும்.

கேள்வி: ரத்தத்தில் எக்ஸோசோம் பார்த்தே இந்தப் புற்றைக் கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனையும் கொலனோஸ்கோபியும்தான் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) இன்றைக்கு முக்கிய வழிகள். ஆய்வுக்கு ரத்தம் எடுப்பவர்கள் சீரத்தை விட்டு பிளாஸ்மாவுக்கு (உறையாமல் தடுத்த ரத்தத்தின் திரவம்) போக வேண்டும், உறையும்போது பிளேட்லெட்டுகள் தங்கள் நுண்பைகளைக் கொட்டிவிடும். உறைவைத் தடுக்கும் டியூப்களில் ஹெப்பாரின் டியூப் பிசிஆர் (ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும்) சோதனையைக் கெடுக்கும். ஈடிடிஏ அல்லது சிட்ரேட் எடுங்கள். சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் கலந்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும்.