கத்தியில் டிஎன்ஏ இருந்தும் விடுதலை ஏன்? பெருஜா வழக்கின் தடயங்களைப் படிக்கும் முறை

கேள்வி: தடய அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2007-இல் இத்தாலியின் பெருஜா நகரில் பிரிட்டிஷ் மாணவி மெரிடித் கெர்ச்சர் கொல்லப்பட்ட வழக்கைக் கருத்தரங்குக்கு எடுத்திருக்கிறேன். கத்தியில் இறந்தவரின் டிஎன்ஏ, உள்ளாடைக் கொக்கியில் சந்தேக நபரின் டிஎன்ஏ என்று இரண்டு தடயங்கள் இருந்தும் அமாண்டா நாக்ஸ், ரஃபேலே சொல்லேசித்தோ இருவரும் விடுதலையானது எப்படி? டிஎன்ஏ பொய் சொல்லாது என்றுதானே படிக்கிறோம்? நாளை நானே சம்பவ இடத்துக்குப் போக நேர்ந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஒரு பொருளில் இருப்பது யாருடைய டிஎன்ஏ என்பது ஒரு கேள்வி. அது எப்போது, எந்த வழியாக அங்கே வந்தது என்பது வேறு கேள்வி. ஆய்வகம் பதில் தருவது முதல் கேள்விக்குத்தான். இரண்டாவதற்கான பதில், அந்தப் பொருளைச் சம்பவ இடத்தில் எடுத்தவரின் கையுறையிலும் உறையிலும் குறிப்பேட்டிலும் இருக்கிறது. பெருஜா வழக்கு உடைந்தது அந்த இடத்தில்தான்.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மெரிடித்துக்கு 21 வயது. லண்டனின் தெற்கில் உள்ள கூல்ஸ்டனைச் சேர்ந்தவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தில் பெருஜா வந்தவர். 2007 நவம்பர் 1 இரவு தன் வாடகை வீட்டு அறையிலேயே கொல்லப்பட்டார். மறுநாள் மதியம் பூட்டியிருந்த கதவை உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நவம்பர் 6-ஆம் தேதி மூன்று பேர் பிடிபட்டார்கள்: அதே வீட்டில் தங்கியிருந்த அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ், அவருடைய காதலர் ரஃபேலே சொல்லேசித்தோ, நாக்ஸ் பகுதி நேரமாக வேலை பார்த்த மதுக்கடையின் உரிமையாளர் பாட்ரிக் லுமும்பா.

இங்கே ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கைது தேதிகள், வலப்பக்கம் தடயங்கள் கிடைத்த தேதிகள். மூவரும் கைதான நவம்பர் 6 அன்று வலப்பக்கத்தில் அவர்களைக் காட்டும் ஆய்வக முடிவு ஒன்றுகூட இல்லை. கத்தி எடுக்கப்பட்டதே அன்றுதான். உடலுக்குக் கீழே கிடந்த தலையணை உறையில் ரத்தத்தில் பதிந்த உள்ளங்கை ரேகை ஒன்று இருந்தது. நவம்பர் நடுவில் அது ரூடி கெடே என்ற இளைஞருடையது என்று தெரிந்தது. ஐவரி கோஸ்டில் பிறந்து பெருஜாவில் வளர்ந்த அவருடைய ரேகை ஏற்கெனவே போலீஸ் பதிவில் இருந்தது. அவர் ஜெர்மனிக்கு ஓடியிருந்தார். நவம்பர் 20-இல் அங்கே பிடிபட்டார். அதே நாளில், கொலை நேரத்தில் தன் கடையில் இருந்ததற்கு வாடிக்கையாளர் சாட்சி கிடைத்து லுமும்பா வெளியே வந்தார்.

கெடேயைப் பொறுத்தவரை தடயம் ஏராளம். மெரிடித்தின் உடலில், மேல்சட்டைக் கையில், உள்ளாடைப் பட்டியில், கைப்பையில் அவருடைய டிஎன்ஏ இருந்தது. அதே சிறிய அறையில் நாக்ஸின் தடயம் ஒன்றுகூட இல்லை. சொல்லேசித்தோவுக்கு நீங்கள் குறிப்பிடும் கொக்கி மட்டும்தான். அரசுத் தரப்பு சொன்னபடி ஒரு மூடிய அறைக்குள் நடந்த கொடூரமான போராட்டத்தில் மூன்று பேர் பங்கெடுத்து, ஒருவரின் தடயம் மட்டும் எங்கும் அப்பிக் கிடப்பதும் மற்ற இருவரின் தடயம் கண்ணுக்குப் படாததும் எப்படி? ரத்தத்தைத் துடைக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத டிஎன்ஏவில் ஒருவருடையதை விட்டுவிட்டு இன்னொருவருடையதை மட்டும் பொறுக்கித் துடைக்க யாராலும் முடியாது. கருத்தரங்கில் இந்தக் கேள்வியை முதலில் வைத்துவிடுங்கள்.

இனி கத்தி. சொல்லேசித்தோவின் வீட்டுச் சமையலறை இழுப்பறையில் இருந்த சாதாரணச் சமையல் கத்தி அது. வழக்கில் 36-ஆம் எண் பொருள். கைப்பிடியில் நாக்ஸின் டிஎன்ஏ இருந்தது. அவர் அந்த வீட்டில் சமைத்தவர் என்பதால் அது எதையும் நிரூபிக்காது. சிக்கல், மெரிடித்தின் டிஎன்ஏ இருப்பதாகச் சொன்ன, கத்தியின் வெட்டும் பகுதியில் எடுத்த 36-பி மாதிரியில்தான். ரத்தச் சோதனை எதிர்மறை. டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளந்தபோது கருவி "மிகக் குறைவு" என்றே காட்டியது. அப்படியிருந்தும் பெருக்கத்துக்கு (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பல மடங்காக்குவதற்கு) அனுப்பினார்கள், அதையும் ஒரே ஒரு முறை.

இதன் கணக்கை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு மனித செல்லில் ஏறத்தாழ 6 பிக்கோகிராம் டிஎன்ஏ (பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் வழக்கமான எஸ்டிஆர் சோதனைக்கு 500 முதல் 1000 பிக்கோகிராம் இருந்தால் நிம்மதி. 100 பிக்கோகிராமுக்குக் கீழே போனால், அதாவது பதினைந்து பதினாறு செல்களுக்கும் குறைவானால், குலுக்கல் சீட்டு எடுப்பது மாதிரி ஆகிவிடும். உண்மையில் இருக்கும் அலீல் (அந்தத் துண்டின் ஒரு வடிவம்) பெருக்கத்தில் விடுபட்டுப் போகலாம். எங்கிருந்தோ வந்த ஒற்றை மூலக்கூறு இல்லாத அலீலாக எழுந்து நிற்கலாம். ஒரு ஜோடி அலீல்களுக்கு வரைபடத்தில் எழும் முகடுகளில் ஒன்று உயர்ந்தும் மற்றது படுத்தும் இருக்கலாம். இதனால்தான் குறை அளவு மாதிரியைக் குறைந்தது இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகப் பெருக்கி, இரண்டிலும் வந்த அலீலை மட்டும் ஏற்க வேண்டும் என்பது விதி. 36-பி வரைபடத்தில் பெரும்பாலான முகடுகள் 50 ஒளிர்வு அலகுக்குக் கீழே இருந்தன. பல ஆய்வகங்கள் இரைச்சல் என்று ஒதுக்கும் எல்லை அது. மாதிரி முழுவதும் தீர்ந்துவிட்டதால் யாராலும் மறுபடி செய்து பார்க்கவும் முடியவில்லை.

2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நியமித்த ரோம் லா சபியென்சா பல்கலைக்கழக நிபுணர்கள் கோந்தியும் வெக்கியோத்தியும் அதே கத்தியில் மாவுத் துகள்களைக் கண்டார்கள். இதில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரத்தம் தடமே இல்லாமல் போகும் அளவுக்குத் தேய்த்துக் கழுவிய கத்தியில் மாவு எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? அந்தக் கத்தி வந்த பாதையையும் பாருங்கள். இழுப்பறையிலிருந்து எடுத்து உறையில் போட்டவர் ஒருவர். காவல் நிலையத்தில் அதை மேசை நாட்குறிப்பு வந்த அட்டைப்பெட்டிக்கு மாற்றியவர் வேறொருவர். அவர் அன்றைக்கே கொலை நடந்த வீட்டுக்கும் போய்வந்தவர். அந்தப் பெட்டி தடயப் பொருள் வைப்பதற்கென்று வந்ததல்ல. மாசு கலந்தது என்று இதனால் நிரூபணம் ஆகாது. கலக்கவில்லை என்று சொல்வதற்கும் வழி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். பத்து செல் அளவில் பேசும்போது அது போதும், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போய்விடும்.

கொக்கியின் கதை இதைவிட வேதனையானது. 165-பி என்று பின்னர் எண் இடப்பட்ட அந்தச் சின்ன உலோகக் கொக்கி, முதல் சோதனையிலேயே தரையில் கிடப்பது படம்பிடிக்கப்பட்டது. எடுக்கவில்லை. இடையில் ஆட்கள் வந்துபோனார்கள், பொருள்கள் இடம் மாறின. டிசம்பர் 18 அன்று, 46 நாள் கழித்து, முதலில் பார்த்த இடத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, விரிப்புக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். போலீஸே எடுத்த வீடியோவில் கொக்கி கைமாறுவதும், படத்துக்காக மறுபடி தரையில் வைக்கப்படுவதும், கையுறை விரல் நுனியில் அழுக்கு இருப்பதும் தெரிகிறது. அதில் கிடைத்தது பலருடைய கலவை டிஎன்ஏ, அதில் சொல்லேசித்தோவுடையதும் ஒன்று என்றது ஆய்வகம். பின்னர் அதைப் பிரித்தெடுப்புத் திரவத்திலேயே போட்டு வைத்ததால் கொக்கி துருப்பிடித்து, மறுபரிசோதனைக்கு எதுவும் மிஞ்சவில்லை. உலர்த்தி, காகித உறையில், குளிரில் வைத்திருக்க வேண்டிய பொருள் அது.

நாக்ஸ், மெரிடித் இருவரின் டிஎன்ஏவும் கலந்து வந்த குளியலறை மாதிரிகளை அதிகம் பேச வேண்டாம். நாக்ஸும் மெரிடித்தும் பகிர்ந்த குளியலறை அது. தொட்டியின் விளிம்பிலிருந்து வடிகால் வரை ஒரே பஞ்சுக் குச்சியால் இழுத்துத் துடைத்தால், அங்கே தினமும் பல் தேய்த்தவரின் டிஎன்ஏவும் மேலே விழுந்த ரத்தத்தின் டிஎன்ஏவும் சேர்ந்துதான் வரும். ரத்தம் பட்ட இடத்தை ஒளிரவைக்கும் லூமினால் என்ற வேதிப்பொருளில் ஒளிர்ந்த காலடித் தடங்களும் அப்படியே. ப்ளீச், சில உலோகங்கள், சில காய்கறிச் சாறுகள் எல்லாமே லூமினாலை ஒளிர வைக்கும். அடுத்துச் செய்த ரத்தச் சோதனையில் அவை எதிர்மறையாகவே வந்தன.

காலணித் தடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பதிந்த வளைய வடிவ அடித்தடம் முதலில் சொல்லேசித்தோவின் நைக்கி காலணியோடு பொருத்தப்பட்டு, அவரைச் சிறையில் வைக்கக் காரணமாகக் காட்டப்பட்டது. வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணியபோது எண்ணிக்கையே சேரவில்லை. அது வேறு நைக்கி ரகம், அந்த ரகத்தின் பெட்டி கிடைத்தது கெடேயின் அறையில். படத்தை மேலோட்டமாகப் பார்த்து ஒத்திருக்கிறது என்று எழுதுவதற்கும், எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு மனிதரின் சுதந்திரம் தொங்கியது.

இறந்த நேரத்திலும் கோட்டை விட்டார்கள். தடயம் கலைந்துவிடும் என்று மருத்துவரைத் தடுத்து வைத்ததால், மதியம் கண்டெடுத்த உடலின் வெப்பநிலை நள்ளிரவு தாண்டித்தான் அளக்கப்பட்டது. எடையும் போடாமல் உத்தேசமாக எழுதினார்கள். குளிர்ச்சிக் கணக்குக்கு உடல் எடையும் அறை வெப்பமும் முதல் அளவீட்டின் நேரமும்தான் ஆதாரம். அவை தளர்ந்தால் இறந்த நேரம் பல மணி நேரத்துக்கு விரிந்துவிடும், எந்த அலிபியையும் (அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதத்தையும்) உறுதியாகச் சோதிக்க முடியாது. சந்தேக நபர்களின் கணினி வன்தட்டுகளும் போலீஸ் கையில் கருகிப்போயின. குற்றத்தையோ குற்றமின்மையையோ காட்டியிருக்கக்கூடியவை அவை.

இவ்வளவு பலவீனமான தடயங்களைத் தேடிப் போனதேன் என்று கேட்பீர்கள். நவம்பர் 5 இரவு நாக்ஸ் வழக்கறிஞர் இல்லாமல் விடிய விடிய விசாரிக்கப்பட்டார். அவருடைய கைபேசியில் லுமும்பாவுக்கு அனுப்பிய இத்தாலியக் குறுஞ்செய்தி இருந்தது: "சி வெதியாமோ பியூ தார்தி", பிறகு பார்க்கலாம் என்று பொருள். கூடவே இரவு வணக்கமும் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் அது விடைபெறும் வார்த்தை. இத்தாலியத்தில் அப்படியே எழுதினால் இன்றிரவு சந்திக்கிறோம் என்று ஒலிக்கும். நாம் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்புவதை ஒருவர் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாய் என்று கேட்பதைப் போல. அந்த இரவில்தான் லுமும்பாவின் பெயர் அடங்கிய வாக்குமூலங்கள் கையெழுத்தாயின. கைது முதலில், தடயம் பின்னால் என்ற வரிசை அங்கே ஆரம்பித்தது. நிரபராதியான லுமும்பா இரண்டு வாரம் சிறையில் கிடந்தார். அவர் மேல் பொய்ப்பழி சுமத்திய குற்றத்துக்காக நாக்ஸுக்கு விதித்த மூன்றாண்டுத் தண்டனை 2025 ஜனவரியில் இறுதியாக உறுதியானது. அந்த விசாரணையில் வழக்கறிஞர் உரிமை மீறப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் நடுநிலையாக இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் படம் கோணலாகும்.

தீர்ப்புகளின் வரிசையை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். கெடே சுருக்க விசாரணையைத் தேர்ந்தெடுத்தார். 2008-இல் 30 ஆண்டு, மேல்முறையீட்டில் 16 ஆகக் குறைந்தது, 2021-இல் விடுதலை. நாக்ஸுக்கும் சொல்லேசித்தோவுக்கும் 2009 டிசம்பரில் 26, 25 ஆண்டுகள். 2011-இல் விடுதலை, 2013-இல் அந்த விடுதலை ரத்து, 2014-இல் ஃப்ளாரன்ஸில் மறுபடி தண்டனை, 2015 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் இறுதி விடுதலை. அந்த இறுதித் தீர்ப்பு விசாரணையின் குறைகளை மிகக் கடுமையாகக் கண்டித்தது. மறுபடி செய்து உறுதிப்படுத்தாத டிஎன்ஏ முடிவுக்குச் சாட்சிய மதிப்பு இல்லை என்றது. கொலை நேரத்தில் நாக்ஸ் வீட்டில் இருந்தார் என்பது போன்ற வரிகளும் அதில் உண்டு. அவற்றை எடுத்துக்காட்டி யாராவது கேட்பார்கள். கொலை நடந்த அறையில் அவருடைய தடயம் இல்லை என்பதையும் அதே தீர்ப்புதான் அழுத்திச் சொல்கிறது என்று பதில் வையுங்கள்.

ஒப்பீட்டுக்கு 36-I என்ற மாதிரி கைகொடுக்கும். அதே கத்தியில், 36-பி போலவே மிகக் குறைந்த அளவில் கிடைத்தது. 2013-இல் கராபினியேரி என்ற இத்தாலியக் காவல் படையின் ஆய்வகம் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை பெருக்கி, நாக்ஸுடையது என்று சொன்னது. முடிவை யாரும் கேள்வி கேட்கவில்லை. குறைந்த அளவு தானாகக் குற்றமில்லை, ஒரே முறை செய்வதுதான் குற்றம் என்பதை மாணவர்களுக்கு இதைவிட நன்றாகக் காட்ட வேறு உதாரணம் தேவையில்லை.

நீங்கள் சம்பவ இடத்துக்குப் போகும்போது: ஒவ்வொரு பொருளுக்கும் கையுறை மாற்றுங்கள், இரட்டைக் கையுறை போட்டு மேலுறையை மட்டும் கழற்றினால் வேகம் குறையாது. முதலில் அளவுகோல் வைத்து நேர்செங்குத்தாகப் படம், பிறகு எடுப்பது. எடுத்ததைப் படத்துக்காகத் திரும்ப வைக்கவே கூடாது. கறை மட்டும் இருக்கும் இடத்தில், குச்சியைச் சற்றே ஈரமாக்கி ஒரு முறை, உலர்ந்த குச்சியால் இன்னொரு முறை. பக்கத்தில் கறை இல்லாத இடத்திலும் ஒரு ஒப்பீட்டு மாதிரி எடுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு நீதிமன்றத்தில் விழிக்கிறார்கள். ஈரமான எதையும் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள், பூஞ்சை டிஎன்ஏவைத் தின்றுவிடும். இறந்தவரின் இடத்துக்குப் போனவர் அன்றே சந்தேக நபரின் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆய்வக அறிக்கை வந்தால் முடிவு வரியை விட்டுவிட்டு மூன்றைத் தேடுங்கள்: அளவீட்டு எண், எதிர்மறைக் கட்டுப்பாட்டு மாதிரியின் (டிஎன்ஏ எதுவும் சேர்க்காமல் ஓட்டிய வெற்று மாதிரியின்) வரைபடம், எத்தனை முறை பெருக்கினார்கள்.

நம் ஊரில் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே நீங்கள் வேலைக்குப் போகும் காலத்தில் கேமரா உங்கள் விரல் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பெருஜாவின் அந்த டிசம்பர் 18 வீடியோவைக் கருத்தரங்குக்கு முன் ஒரு முறை ஒலியில்லாமல் ஓடவிட்டு, கொக்கியைத் தொட்ட கைகளை எண்ணிப் பாருங்கள்.