தாத்தா ஏன் வேற மாதிரி சொல்றாங்க?

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். பையனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. சண்டே கிளாஸ் தவறுவதில்லை. வசனப் போட்டியில் பையன் பரிசு வாங்கியிருக்கிறான். போன மாதம் ஸ்கூல் வேனில் ஒருத்தன் அவனிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான். "நாம கடவுளோட பிள்ளைங்க, அவ்வளவுதான்" என்றேன். "அப்ப தாத்தா ஏன் வேற மாதிரி சொல்றாங்க?" என்றான். மாமனார் அவனிடம் பரம்பரைப் பெருமை பேசுவது வழக்கம். எனக்குப் பதில் வரவில்லை. கடவுளின் குடும்பத்தில் நாம் இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் மனதில் எப்படிப் பதிய வைப்பது? நல்ல புத்தகம் உண்டா? இங்கிலீஷ் ஆராதனைக்கு மாற்றலாமா? என் அம்மா வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), இவர்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பதால் குழம்புகிறானா? செல்போனும் ஒரு காரணமோ?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

செல்போனை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த மொழியில் பையனுக்குப் பாட்டு வாயில் வருகிறதோ அந்த ஆராதனைக்குப் போங்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்றும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக இருந்த புராட்டஸ்டன்ட் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில், கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுசேர்ந்து உண்டானதுதான் சி.எஸ்.ஐ. பாட்டி வீட்டில் ஜெபமாலை, அப்பா வீட்டில் கீர்த்தனை என்று வளரும் பிள்ளை கெட்டுப்போகாது.

என்னை உறுத்தியது நீங்கள் அவனுக்குச் சொன்ன பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பதிலை நீங்கள் பையனுக்காகச் சொல்லவில்லை. பேச்சு அதோடு நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னீர்கள். நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக நாம் செய்துவருவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே குடும்பம் என்கிறோம். பிள்ளைக்கு வரன் தேடும்போது விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. என்று போட்டு, பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். கல்யாண வீட்டில் குரலைத் தாழ்த்தி "அவங்க யாரு?" என்று விசாரிக்கிறோம். இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழாது என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் பையன் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததை உங்களிடமே கொண்டுவந்து கேட்டானே, அதற்காக அவனைக் கட்டிக்கொள்ளுங்கள். இன்னும் நாலு வருஷம் போனால் கேட்கமாட்டான்.

நீ கடவுளின் பிள்ளை என்பது கேட்க இனிக்கும். அதை மட்டும் சொல்லிச் சொல்லி வளர்த்தால் அதுவும் ஒரு பரம்பரைப் பெருமையாகிவிடும். தாத்தா ஒரு பெருமை சொல்கிறார், நீங்கள் ஒரு பெருமை சொல்கிறீர்கள் என்றுதான் அவனுக்குப் படும். குடும்பம் என்றால் கூடப்பிறந்தவர்கள் உண்டு. அவர்கள் யார் யார் என்று காட்டாமல் தகப்பனை மட்டும் காட்டினால் அவனுக்கு என்ன புரியும்?

எனக்கு இதை யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. நான் வளர்ந்தது வடசென்னையில். சபையில் பாதிப் பேர் தெற்கேயிருந்து வந்தவர்கள். அதனால் வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்ததும் அசனம் என்கிற பொது விருந்து உண்டு. கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு வரிசையாக இலை விரிப்பார்கள். சோறு, கறிக்குழம்பு, ரசம். என் பெரியம்மாதான் பந்தி விசாரணை. சின்னப் பிள்ளைகள் கையில் தண்ணீர் செம்பைக் கொடுத்துவிடுவார். பரிமாறுகிற பிள்ளைகளுக்குக் கடைசிப் பந்தி என்பது அவர் சட்டம்.

ஒரு வருஷம், மணியடித்துக் கோயிலைப் பெருக்கும் தாத்தா வேலையெல்லாம் முடித்துவிட்டு ஈரக் கையோடு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் இருந்த பெரிய மனிதர், சோறு விழுந்த பிறகு, "பசியில்லை" என்று எழுந்து போனார். வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. பெரியம்மா குழம்பு வாளியைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கினார். "சோறு வீணாகுது பாரு, நீ உட்காரு" என்றார். பரிமாறுகிற பிள்ளைக்கு இரண்டாம் பந்தியிலேயே இடம்! தாத்தா காலை மடக்கி எனக்கு இடம் விட்டு, தன் இலையிலிருந்த எலும்பில்லாத துண்டு ஒன்றை என் இலையில் வைத்தார். நான் சாப்பிட்டேன். எழுந்து போனவர் ஏன் போனார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதும்.

பையனுக்கு நம் சரித்திரத்தையும் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. 1872 வாக்கில் அங்கே கட்டிய கோயில், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனிக் கூடங்களாக எழுந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், நடுவே தடுப்பு. அந்தக் கோயிலின் பெயர் திருக்குடும்ப ஆலயம். தடுப்பு 1910 வாக்கில் இடிபட்டது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். 1752-இல் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரில் ஒட்டியிருந்த சாதிப் பட்டம் எடுக்கப்பட்டிருந்தது. அதை எடுக்க இத்தனை காலம் ஆனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புத்தகம் கேட்டீர்களே. வீட்டில் இருக்கும் வேதாகமத்தில் பிலேமோன் நிருபத்தை எடுங்கள். ஒரே அதிகாரம், 25 வசனம். எஜமானாகிய பிலேமோனை விட்டுப் போன ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். இனி இவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாகச் சேர்த்துக்கொள், உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை என்று எழுதுகிறார். மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், பரிசும் வேண்டாம். படித்துவிட்டு, "அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல ஒநேசிமு எங்க உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளும் பேசட்டும். சின்னவள்தான் முதலில் பேசுவாள் பாருங்கள்.

அப்புறம் மாமனார். பிள்ளைகள் முன்னால் அவரை மட்டம் தட்டாதீர்கள், அவரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன், உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மருமகள் சொன்னால் அது வீட்டுச் சண்டையாகப் போய்விடும். மகன் சொல்லட்டும். "அப்பா, இவன்கிட்ட இனிமே அந்தப் பேச்சு வேணாம்" என்று, மரியாதையாக, பையன் கூடத்தில் இருக்கும்போதே சொல்லட்டும். இந்தப் பதிலை முதலில் உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா